வஹாலியை விட்டாச்சு

என் பெயரை ஒரு மீன் எடுத்துக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் எழுதியிருந்த பெயர் ரூடி. வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வஹாலி என்றுதான் கூப்பிட்டார்கள். செல்லமானவள் என்று அர்த்தம். எங்கள் ஊர் சூத்ராபாடாவில் எல்லா அப்பாக்களும் மகள்களை எப்போதாவது அப்படிச் சொல்வார்கள், காய்ச்சல் வந்தால், கல்யாணமாகிப் போனால். என் அப்பா லாக்கா தண்டேல் தினமும் சொன்னார். படகு கரை சேருமுன்பே அவர் குரல் சேர்ந்துவிடும். "வஹாலி வந்திருக்காளா?" நான் வந்திருப்பேன். அவர் எறியும் கயிற்றைப் பிடித்துக் கட்டுவது என் வேலை.

அந்த மீனுக்கு அப்போது வேறு பெயர் இருந்தது. பேரல். பெரிய இரும்பு முள்ளில் காலி பேரல்களைக் கட்டிக் குத்துவார்கள். குத்துப்பட்ட மீன் பேரல்களை இழுத்துக்கொண்டு ஓடி ஓடி, மூழ்கவும் முடியாமல், ஓய்ந்து மேலே கிடக்கும். ஒரு பஸ் நீளம் இருக்கும். கரும்பலகையில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. யாரையும் கடிக்காது, வாயைத் திறந்து தண்ணீரை வடிகட்டிக் குடித்துக்கொண்டே போகும். அதன் ஈரலைக் காய்ச்சிய எண்ணெயைத்தான் படகுகளுக்குப் பூசினார்கள். அப்பா அந்த வேட்டையில் பேர் போன கை.

பிறகு அதைக் கொல்லக் கூடாது என்று சட்டம் வந்தது. சட்டத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அப்புறம் ஒரு கூட்டம் நடந்தது. மீனைக் காப்பாற்றச் சொல்லி வந்தவர்கள் சட்டம் பேசவில்லை. இந்த மீன் எங்கெங்கோ சுற்றிவிட்டு நம் கரைக்குத்தான் பிள்ளை பெற வருகிறது, பிரசவத்துக்குப் பிறந்த வீடு வரும் மகளை யாராவது வெட்டுவார்களா என்று மட்டும் கேட்டார்களாம். அப்பா வலைக் குவியல் மேல் உட்கார்ந்து அழுதார் என்று அம்மா சொல்வாள். இனி பேரல் என்று கூப்பிட வேண்டாம், வேறு என்ன சொல்லலாம் என்று பேச்சு வந்தபோது அப்பாதான் எழுந்து அந்தப் பெயரைச் சொன்னாராம். தான்தான் சொன்னேன் என்று சொல்லும், படகை நடத்தும் தண்டேல்கள் எங்கள் கரையில் இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் அப்பாவைத்தான் நம்புகிறேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரை கொடுத்தவர் மாதிரி, "வஹாலி, உன் பேர அதுக்குக் குடுத்துட்டு வந்துட்டேன்" என்றார். எனக்கு ஐந்து வயது. சிரித்தேன்.

கொடுத்த சர்க்கரை திரும்பி வரவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு ரப்பர் மீன் ஒன்றைக் காற்றடித்துக் கொண்டுவந்தார்கள். மைதானம் முழுக்கப் படுத்துக் கிடந்தது. டீச்சர் மைக்கில், "இதன் பெயர் என்ன?" என்று கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, "வஹாலி" என்றார்கள். அதிலிருந்து தினமும் அதுதான். நான் பேசாத பெண். "வஹாலி, வாயத் தொற. தண்ணி குடி. கடல் பூரா குடிச்சிரு." எட்டாம் வகுப்பில் நின்றுவிட்டேன். ஏன் என்று அப்பா கேட்டார். சொல்லவில்லை. அன்று அவர் வேறு சந்தோஷத்தில் இருந்தார். முதல் முறையாக வலையை அறுத்து அந்த மீன் ஒன்றை விட்டுவிட்டு வந்திருந்தார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில், மீனை விட்டதற்காக அப்பாவுக்குச் சால்வை போர்த்திய படம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதற்குக் கீழே என் கல்யாணப் படம். அவர் போனில் விரலால் தள்ளத் தள்ள வால், செவுள், புள்ளி, மறுபடி வால். நான் ஒன்றில்கூட இல்லை. குளிர்காலம் வந்தால் ராத்திரிச் சாப்பாட்டில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "இந்த வருஷம் அவ சீக்கிரமே வந்துட்டா" என்பார். அம்மா யாரைச் சொல்கிறார் என்று கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை. என்னைக் கூப்பிட அவருக்கு இப்போது பெயர் தேவைப்படவில்லை. "ஏய், தண்ணி" என்றால் போதும்.

என் கல்யாணத்தன்று ஜீப் கிளம்பும்போதுதான் மறுபடி அந்தப் பெயரை எனக்காகச் சொன்னார். "என் வஹாலி போறாளே" என்று வாய்விட்டு அழுதார். பின்னால் நின்ற ஒரு மாமா கண்ணுக்கு மேல் கை வைத்துக் கடலைப் பார்த்து, "எந்தப் பக்கம்?" என்றார்.

நான் வாழ்க்கைப்பட்டது மாங்ரோலில். மாமனார் வீட்டில் கருவாட்டு வியாபாரம். காய்ந்த பும்லாவைத் தவிர வேறு மீனைப் பற்றி அவர்களுக்குப் பேச்சு கிடையாது. அந்தப் பெரிய மீனை அவர்கள் இன்னமும் பேரல் என்றுதான் சொன்னார்கள், அதுவும் எப்போதாவது. அந்த வீட்டில் எனக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான். ஜீப்படியில் அப்பா அழுததைக் கேட்டிருந்ததால் அவர்களும் என்னை வஹாலி என்றே கூப்பிட்டார்கள். என் கணவர் தேவ்சி மெதுவாகக் கூப்பிடுவார். மாமியார் அம்ருத் பா அதிகாரமாகக் கூப்பிடுவார். பா என்றால் எங்களில் அம்மா. ஓரகத்தி ஹீரு பாபி, "எங்க வஹாலி மகாராணி எழுந்தாச்சா?" என்று குத்திக் கூப்பிடுவாள். எப்படிக் கூப்பிட்டாலும் அது நான் மட்டும்தான். மீனைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஏழாம் மாதம் மடி நிறைத்தார்கள். எங்களில் தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். மடி நிறைத்த அன்றே, விளக்கு வைப்பதற்குள், பெண் வாசலைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் பிள்ளை பெறும்வரை தாண்டக் கூடாது. மாமியார் வீட்டில் இன்னும் ஒன்று உண்டு. பெண்ணின் அப்பா வாசலில் நின்று, "எங்கள் மகளை எங்களுக்குக் கொடுங்கள்" என்று வாயால் கேட்க வேண்டும். கேட்டால்தான் அனுப்புவார்கள்.

எனக்குப் போக வேண்டும். பிரசவ பயம் இருந்தது. வலி வரும்போது அம்ருத் பாவின் கையைப் பிடித்துக்கொள்ள முடியும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அது மட்டும் இல்லை. அந்த மீன் வரும் பருவமும் இதுதான். அதுவும் பிள்ளை பெற வருகிறது, நானும் வருகிறேன். அப்பா யார் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்துவிட வேண்டும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வயிற்றுப் பிள்ளையை வைத்துக்கொண்டு மீனோடு போட்டி போடுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்று காலை அம்மாவும் சித்தப்பாவும் சீர்த்தட்டோடு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அப்பா இல்லை.

"நேத்தே படகு திரும்பியிருக்கணும்" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். "கரைக்கு வந்ததும் நேரா இங்க வந்துருவார்."

பலகையில் என்னை உட்கார வைத்தார்கள். நாத்தனார் மடியில் அரிசியும் பாக்கும் தேங்காயும் போட்டாள். கொழுந்தன் வழக்கப்படி இரண்டு கையிலும் குங்குமத்தைக் குழைத்து என் இரண்டு கன்னத்திலும் அறைந்தான். பெண்கள் பாடினார்கள். நெய் மணக்கும் லாப்சி இனிப்பு பரிமாறினார்கள். கன்னத்தில் சிவப்புக் கைத்தடத்தோடு, மடியில் தேங்காயைப் பிடித்துக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியது.

"வேவாண், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அம்ருத் பா, சம்பந்தியம்மாவான என் அம்மாவிடம். "எங்க வீட்டுல கேட்டாத்தான் குடுப்போம். என்னையே எங்கப்பா கேட்டுத்தான் கூட்டிட்டுப் போனார்."

"வந்துருவார், வேவாண்" என்றாள் அம்மா.

"வரட்டுமே. நாங்க என்ன கதவ சாத்திட்டா உக்காந்திருக்கோம்? வரலேன்னாலும் என்ன, இங்க ஆஸ்பத்திரி கிட்டக்க. நான் ரெண்டு பேரப்பிள்ளைய இந்தக் கையில வாங்கியிருக்கேன்."

ஹீரு பாபி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முந்தானையால் விசிறினாள். "உங்கப்பாவுக்கு வழி மறந்திருக்கும். பாவம், கடல்லயே இருக்கறவருக்கு ரோடு எப்படித் தெரியும்."

"வருவார், பாபி."

"எங்கப்பா வந்து கேக்கல, தெரியுமா? காய்ச்சல்னு சொல்லி எங்க பெரிய மாமன அனுப்பினார். மாமன் கேட்டது மாதிரியா இருந்துச்சு, கடன் குடுத்த பாத்திரத்த திருப்பி வாங்கற மாதிரி கேட்டான்." சிரித்தாள். விசிறுவதை நிறுத்திவிட்டாள். "உனக்காச்சும் அப்பாவே வர்றார்னு இருந்தேன்."

அப்போதுதான் தேவ்சியின் போன் அடித்தது. வாசலுக்குப் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "ஹலோ, ஹலோ, கேக்கல, மறுபடி சொல்லுங்க" என்று கத்தினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை.

"சூத்ராபாடாலேர்ந்து ஒரு தண்டேல். மாமா நடுக்கடல்லேர்ந்து வயர்லெஸ்ல சேதி சொல்லச் சொன்னாராம். வீட்டுக்குச் சொல்லிருங்கன்னு."

"என்ன சொன்னார்?" என்றார் அம்ருத் பா.

"பாதி காத்துல போச்சு. கேட்டது இவ்வளவுதான். வஹாலிய விட்டாச்சு. தேங்கா குடுத்தாச்சு. இருக்கற எடத்துல நல்லா இருக்கட்டும். இன்னிக்கி என்னால வர முடியாது."

அம்ருத் பா கையைக் கூப்பினார். "பெரிய மனுஷன். பாத்தீங்களா வேவாண்? தேங்கா அனுப்பினதையும் சொல்றார், மகள விட்டுட்டேன்னும் சொல்றார். இருக்கற எடத்துல நல்லா இருக்கட்டும்னு ஆசீர்வாதமும் பண்ணிட்டார். இதுக்கு மேல என்ன வேணும்? ஹீரு, வஹாலியோட பெட்டிய உள்ள வையி."

பெண்கள், "பாவம், என்ன வேலையோ", "அப்பன் மனசு" என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்தாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

தேங்காய். வலையை அறுத்து ஒவ்வொரு முறை அதை விட்டதும் அப்பா கடலில் ஒரு தேங்காய் போடுவார். மகளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம். போட்டுவிட்டு, "எங்க இருந்தாலும் நல்லா இரு" என்பார். எங்கள் வீட்டில் இந்தக் கதையைக் கேட்காத ராத்திரி இல்லை. நடந்தது அத்தனையும் எனக்குப் படம் போலத் தெரிந்தது. திரும்பி வரும் வழியில் வலையில் பாரம். அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு படகு விளிம்பில் கவிழ்ந்து படுத்திருக்கிறார். வலை அதன் செவுளைச் சுற்றி இறுக்கியிருக்கிறது. "அசையாதம்மா வஹாலி, வால ஆட்டாத, இதோ ஆச்சு, இதோ ஆச்சு." அந்தக் குரல் எனக்குத் தெரியும். எனக்கு அம்மை வார்த்தபோது கேட்ட குரல். அது என் குரல். எனக்குப் பாத்தியப்பட்டது. நான் இங்கே கன்னம் சிவக்க உட்கார்ந்திருக்கும் அதே வேளையில் அதைக் கடலில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மா வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் என்ன சொல்வாள்? என் புருஷன் மகளின் மடி நிறைப்புக்கு வராமல் மீனோடு இருக்கிறார் என்று சம்பந்தி வீட்டு முற்றத்தில் சொல்வாளா?

நான் பேசாமல் இருந்துவிட்டால் எல்லாமே அழகாக இருந்தது. அப்பா என்னைத்தான் நினைத்தார், என்னைத்தான் ஆசீர்வதித்தார். இந்த முற்றத்தில் அத்தனை பேரும் அப்படித்தான் நம்புகிறார்கள். வஹாலி என்றால் இங்கே நான்தான், வேறு யாரும் இல்லை. அந்தப் பெயரை மடியில் தேங்காய் மாதிரி கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிடலாம். அம்ருத் பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை பெறலாம். ஹீரு பாபி என் பெட்டியைத் தூக்கிவிட்டாள். பெட்டி உள்ளே போய்விட்டால் போனதுதான்.

"அது நான் இல்ல" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. பலகையிலிருந்து எழுந்தேன். மடியில் இருந்த பாக்கு சிதறி உருண்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

"அந்த வஹாலி நான் இல்ல, பா. அது மீனு."

"என்ன மீனு?"

"நீங்க பேரல்னு சொல்றீங்களே, அது. எங்க பக்கம் அத வஹாலின்னு சொல்வாங்க. வலையில மாட்டியிருக்கும். அப்பா அறுத்து விட்டுருக்கார். தேங்காயும் அதுக்குத்தான். அத கடல்ல விட்டுருக்கார், என்னை இங்க விடல."

கண்ணைத் துடைத்தவள்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பு முற்றம் முழுக்கப் பரவியது. தேவ்சி மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்தார். கல்யாணமானதிலிருந்து நான் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"மீனுக்கு உன் பேரா?" என்றார் அம்ருத் பா.

"ஆமா."

"உனக்கு மீனோட பேரா?"

"எனக்குத்தான் முதல்ல வச்சாங்க, பா."

மறுபடி சிரிப்பு. என் காது எரிந்தது. பள்ளி மைதானத்தில் நிற்பது மாதிரியே இருந்தது. அம்ருத் பா சிரிக்கவில்லை. அவர் ஏமாந்துவிட்டார், அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"சரி. மீனு போகட்டும். உன்ன யாரு கேட்டா? உங்கப்பா வந்து கேட்டாரா? இல்ல, உங்கம்மா கேப்பாங்களா? எங்க வீட்டுல பொம்பளைங்க கேக்கற வழக்கம் இல்ல."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சித்தப்பா தொண்டையைச் செருமினார். செருமிவிட்டுச் சீர்த்தட்டை நேராக்கி வைத்தார்.

"நானே கேக்கறேன்" என்றேன். "என்னை எங்க வீட்டுக்குக் குடுங்க."

ஓரத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தட்டில் ஊற்றித் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மாமனார் பிரேம்ஜி தட்டைக் கீழே வைத்தார்.

"கேட்டாச்சில்ல, விடேன்" என்றார் மனைவியிடம். "வலைய அறுத்துட்டு நடுக்கடல்ல நிக்கறவன் பறந்தா வருவான்? நமக்கெல்லாம் ஒரு கூடை கருவாடு நனைஞ்சாலே மூணு நாள் சோறு எறங்காது. அவன் வலையே போயிருக்கு."

"நான் மாட்டேன்னா சொன்னேன்?" என்றார் அம்ருத் பா. "வழக்கத்தச் சொன்னேன். நாளைக்கு ஊர்ல நாலு பேரு பேசினா பதில் சொல்றது யாரு, நீங்களா?"

ஆனால் என் தலையில் கை வைத்தார். விளக்கு வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வாசலைத் தாண்டினேன். பெட்டியை ஜீப்பில் ஏற்றிய ஹீரு பாபி என் காதருகே குனிந்து, "மீனு பேர வச்சுக்கிட்டு இத்தன நாளா எங்களையும் கூப்பிட வச்சிருக்க. அமுக்கமான ஆளுடி நீ" என்றாள். தேவ்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாதவர் மாதிரி, கூப்பிடாமலே கையை ஆட்டினார்.

வழியெல்லாம் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "ஏண்டி சொன்ன?"

"போகணும்ல?" என்றேன்.

அப்பாவின் படகை மறுநாள் காலையில் வேறொரு படகு இழுத்துக்கொண்டு வந்தது. அறுந்த வலை படகுக்கு அடியிலிருக்கும் விசிறியில் சுற்றி எஞ்சின் நின்றுவிட்டதாம். நான் துறைமுகத்துக்குப் போனேன். அப்பாவைச் சுற்றி ஒரே கூட்டம். வனத்துறை ஆள் ஒருவர் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இரண்டு கையையும் விரித்து நீளம் காட்டினார், போதவில்லை, நாலு அடி நடந்து காட்டினார். "பொட்டைதான். சத்தியமா. வயித்தப் பாத்தாலே தெரியல? விட்டதும் ஓடல. பக்கத்துலயே ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போனா." அவர் உள்ளங்கை இரண்டும் வலை கிழித்துப் பிளந்திருந்தது. முகம் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

என் கல்யாணத்தில்கூட அவர் முகம் அப்படி இல்லை.

கூட்டத்தின் வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்ததும் அந்த முகம் இறங்கிவிட்டது. "வந்துட்டியா" என்றார். "அனுப்பிட்டாங்களா? சேதி கெடச்சுதா?"

"கெடச்சுது" என்றேன்.

வீட்டில் அம்மா அவர் கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அம்மா கதை சொன்னால் எதையும் விட மாட்டாள். பாக்கு உருண்டதைச் சொன்னாள், சிரிப்பைச் சொன்னாள். "உங்க மக எழுந்து நின்னு, அந்த வஹாலி நான் இல்லன்னு சொல்லிட்டா." அப்பா கட்டுப் போட நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டார்.

அவர் ஏதாவது சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன். நேற்றுத் திறந்த வாய் இன்னும் மூடிக்கொள்ளவில்லை.

"பாபுஜி, இனிமே வீட்டுக்குள்ள அத பேரல்னு சொல்லுங்க. வெளிய என்ன வேணா கூப்பிட்டுக்குங்க."

"மாட்டேன்."

"என் பேரு அது."

"பேரல்னு என் வாயால சொல்ல மாட்டேன்" என்றார். கோபமாக இல்லை. "அது கொல்லும்போது கூப்பிட்ட பேரு. நான் எத்தன குத்தியிருக்கேன்னு உங்கம்மாவுக்குத் தெரியும். ஒரு நாளும் கை கூசினதில்ல. பேரலக் குத்தறோம், அதுல என்ன? மகளக் குத்தறோம்னு ஒருத்தன் சொன்னதுக்கு அப்புறம் கை எழும்பல. இந்தப் பேர எடுத்துட்டா மறுபடி எழும்பும். எனக்கு இல்லேன்னாலும் எவனுக்காச்சும் எழும்பும்."

"அதுக்கு என் பேர்தான் கெடச்சுதா?"

"அதவிடப் பெரிய பேரு எங்கிட்ட இல்லம்மா."

அழுகை வந்தது, அதைக் காட்டவும் பிடிக்கவில்லை. "என்னப் பாத்தா உங்களுக்கு அதோட ஞாபகம் வருது. அதப் பாத்தா என் ஞாபகம் வருதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனேன். பதிலுக்கு நிற்கவில்லை. நல்ல பதில் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அப்புறம் பொறாமைப்பட எனக்கு என்ன இருக்கும்?

மதியம் படுத்து எழுந்தபோது அப்பா வீட்டில் இல்லை. படகுக்குப் போயிருப்பார், வலை பார்க்கப் போயிருப்பார் என்று அம்மா சொன்னாள். வெள்ளைச் சட்டையைக் காணோம் என்று பிறகு சொன்னாள். சாயங்காலம் ஹீரு பாபி போன் செய்தாள்.

"உங்கப்பா வந்தார்" என்றாள், எடுத்ததுமே.

"எங்க?"

"இங்கதான். வேற எங்க? பஸ்ல வந்திருக்கார். கையில இனிப்பு டப்பா, ரெண்டு கையிலயும் கட்டு. உள்ள வாங்கன்னா வரல. வாசல்லயே நின்னுட்டார். நான் என்னமோ சண்டை போட வந்திருக்கார்னு நெனச்சேன். பா வெளிய வந்தாங்க. கைய கூப்பி, எங்க மகள எங்களுக்குக் குடுங்கன்னு கேக்கறார்."

"நான்தான் வந்துட்டேனே."

"அதத்தான் பாவும் சொன்னாங்க. அவ நேத்தே போயிட்டாளேன்னு. தெரியும், நேத்து கேட்டிருக்கணும், இன்னிக்கி கேக்கறேன்னார். தெரு பூரா பாக்குது. பா உள்ள போயி தலையில முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு வந்து, முறையா, கூட்டிட்டுப் போங்கன்னாங்க. இல்லாத பொண்ண. மாமா சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துருச்சு."

ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது.

"என்ன பேரு சொல்லிக் கேட்டார், பாபி?"

"ரூடின்னார். எங்க மக ரூடியக் குடுங்கன்னு. எனக்கே ஒரு நிமிஷம் யாரு அதுன்னு இருந்துச்சு. இன்னொரு தடவ கொழப்பம் வந்துரக் கூடாதுன்னு பாத்துச் சொல்லியிருப்பார்."

அந்தப் பெயர் போயேவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. முற்றத்தில் நான் விட்டுக்கொடுத்ததை அவர் வாசலில் நின்று உறுதி செய்துவிட்டு வந்திருக்கிறார். எங்கேயோ ஆழத்தில் வாயைத் திறந்துகொண்டு, தனக்கு ஒரு பெயர் இருப்பதே தெரியாமல் போய்க்கொண்டிருக்கும் அதற்கு இனி அது முழுசாகச் சொந்தம். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அந்த மீனைக் கேட்டுக் கட்டுப்போட்ட கையோடு யாரும் பஸ் ஏறிப் போகவில்லை.

ஹீரு பாபி போனை வைக்கவில்லை.

"எங்கப்பாவுக்கு அன்னிக்கி காய்ச்சலே இல்ல, தெரியுமா" என்றாள். "கொடுத்து வச்சவடி."

"யாரச் சொல்றீங்க, பாபி? என்னையா, அதையா?"

"ரெண்டு கழுதைங்களையும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.